நீலவேணி உட்காரும் பாட்டு

மகனே,

நீ நன்றாக இருக்கிறாய் என்பதை உன் மனைவி அனுப்பும் படங்களில் பார்த்துக்கொள்கிறேன். தாணே வீட்டுப் பால்கனியில் துளசி வைத்திருக்கிறீர்கள், சந்தோஷம். நீ என்னோடு பேசி மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. கல்யாணத்துக்கு மறுநாள் விமான நிலையத்திலிருந்து கடைசியாகப் பேசினாய். "ஏன் அப்படிச் செஞ்சீங்க, ஒரே ஒரு காரணம் சொல்லுங்க" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள், நீங்கள் ஊர்சுற்றித் திரும்பியதும் மாட்டுங்காவில் உன் மாமனார் வைக்கப்போகும் மறுவீட்டு விருந்தில் எல்லார் முன்னாலும் அவரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் இனி தாராவிப் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டாய். விருந்து இந்த ஞாயிற்றுக்கிழமை. அதனால்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தால் உனக்கு ஒரு நாள் ஆகும். கயல் நன்றாகப் படிப்பாள், அவளைப் படிக்கச் சொல்லிக் கேள். அவள் அப்பாவைப் பற்றிய கடிதம்தான். அவள் வாயாலேயே வரட்டும். நம் ஊர்க்காரர் சங்கத்தின் ஆண்டு மலருக்கும் ஒரு நகல் கொடுத்திருக்கிறேன். நான் சொல்வதை எவரும் படிக்கலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாந்ததாக நினைக்கக் கூடாது. உன் மாமனாரிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன். அவரை அறுநூறு பேர் நடுவில் தனியாக எழுப்பி நிற்க வைத்தது கோபத்தில் செய்த காரியம் இல்லை. இருபத்தெட்டு வருஷம் யோசித்து, இடம் பார்த்து, நாள் பார்த்துச் செய்தேன். பத்திரிகை கொடுத்து முடித்த பிறகு எந்தப் பெண் வீட்டாரும் கல்யாணத்தை நிறுத்த மாட்டார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். உன் கல்யாணத்தை நான் ஆயுதமாக எடுத்தேன் என்று நீ சொன்னது சரி. எடுத்தேன். ஆனால் அந்த மேடையில் கடைசியில் நடந்தது என்ன என்று உனக்குத் தெரியாது. நீ பாதியைத்தான் பார்த்தாய். மீதி தெரிய வேண்டுமென்றால் உனக்கு நாடகம் தெரிய வேண்டும்.

'நீலவேணி சபதம்' என்றால் உனக்கு அப்பா ஷேவ் செய்யும்போது முணுமுணுக்கும் ஏதோ ஒன்று. எங்களுக்கு அப்படி இல்லை. எட்டு மணி நேரம், பத்தொன்பது பாட்டு. ஒத்திகை கிடையாது. ராணி வேஷம் ஒரு ஊரிலிருந்து வருவாள், மந்திரி வேஷம் இன்னொரு ஊரிலிருந்து வருவான், ஆர்மோனியக்காரர் மூன்றாவது ஊர். மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். பாட்டு அவரவர் நெஞ்சில் இருக்கும். கதை சின்னது. ராஜா போரில் செத்துப்போகிறான். நீலவேணி சிம்மாசனத்தில் உட்கார்ந்து ராஜ்யத்தைப் பார்க்கிறாள். மந்திரி வீரகேது நிறைந்த சபையில் வந்து, தாலி அறுத்தவள் உட்கார்ந்த இடம் விளங்காது, எழுந்திரு என்கிறான். சபையில் ஒருத்தனும் பேசவில்லை. அவள் எழுந்துவிடுகிறாள். எழுந்தவள் சபதம் செய்கிறாள். என்னை எழுப்பியவன் இதே சபையில் தலைகுனிந்து நிற்க வேண்டும், அதுவரைக்கும் எந்த ஆசனத்திலும் உட்கார மாட்டேன் என்று. அதன் பிறகு பன்னிரண்டு வருஷம் மந்திரி வீட்டில் தண்ணீர் இறைக்கிறாள். நடிக்கிற பெண்ணும் அந்தக் கணத்திலிருந்து உட்காரக் கூடாது. மேடைக்குப் பின்னால் வெற்றிலை போடும்போதுகூட நின்றுதான் போடுவாள். சோடா குடித்தாலும் நின்றுதான். ஆட்டத்துக்கு ஆட்டம் சனம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வரும், உண்மையாகவே நிற்கிறாளா என்று.

நீலவேணி முதலில் முகத்தைக் காட்ட மாட்டாள். திரைக்கு உள்ளே இருந்து ஒரு அடி பாடுவாள். குரலை எடை போட்டு முடித்த பிறகுதான் சனம் ஆளைப் பார்க்கும். பழைய கெமிக்கல் டிரம்மைத் திறந்து முகர்ந்து பார்த்து எடுக்கிற வியாபாரி நான், எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும். சபதப் பாட்டு இன்னும் பிடிக்கும். வேறு யாராவது கட்டியிருந்தால் அதை உச்சத்தில் தொடங்கியிருப்பார்கள். இது அடிக்குரலில், பக்கத்து வீட்டில் ஒரு குடம் தண்ணீர் கேட்கிற மாதிரி ஆரம்பிக்கும். "எழுந்துவிட்டேன் ஐயா, இடம் காலியாச்சு" என்று. மூன்றாவது அடி வரைக்கும் அவளுக்குக் கோபம் இருக்கிறதா என்றே தெரியாது. நாலாவது அடியில் மிருதங்கம் நின்றுவிடும். அவள் குரல் மட்டும் ஏறும். ஏறிக்கொண்டே போகும். உன் முதுகுத்தண்டில் கை வைத்த மாதிரி இருக்கும். சத்தம் போடுகிறவன் விலையில் இறங்கிவிடுவான், மெதுவாகப் பேசுகிறவன் இறங்க மாட்டான் என்று நான் தொழிலில் கற்றதெல்லாம் அந்தப் பாட்டில் கற்றதுதான். பிறகு கிணற்றுப் பாட்டு. ஆர்மோனியம் சும்மா இருக்கும், ஜால்ரா மட்டும் ராட்டினம் மாதிரி கிரீச் கிரீச் என்று இழுக்கும். டிராம்பே கம்பெனிகளிலிருந்து வரும் கெமிக்கல் டிரம்களைக் கோடவுனில் உருட்டும்போது அந்தத் தாளத்துக்குத்தான் நாங்கள் உருட்டுவோம். பத்து பேர், நாற்பது டிரம், ஒரே பாட்டு. அடுத்தது தர்க்கப் பாட்டு. கிணற்றடியில் ராணியும் மந்திரியும் பாட்டாலேயே சண்டை போடுவார்கள். அதற்கு எழுதி வைத்த வரி கிடையாது, அந்த நிமிஷம் வாயில் வருவதுதான். ஒரு தடவை மந்திரி வேஷக்காரன், "நின்னு நின்னு காலு வலிக்கலையாட்டி, தாதர்ல ரயிலேறுனா இடம் புடிச்சுத் தாரேன்" என்று பாட, அவள் ஒரு மூச்சு விடாமல், "நீ புடிச்ச இடம் எவளோ எந்திரிச்ச இடம்லா" என்று திருப்பினாள். கூரை போகிற மாதிரிக் கைதட்டல்.

பம்பாயில் நாடகம் அதோடு முடிந்துவிடும். ஊரில் விடிய விடிய நடப்பது. இங்கே பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் போட்டால் போலீஸ் வந்துவிடும், மண்டபம் நாலு மணிக்குத்தான் கையில் கிடைக்கும். அதனால் வெட்டுவார்கள். வெட்டி வெட்டி, தர்க்கப் பாட்டு முடிந்ததும் மங்களம் பாடிவிடுவார்கள். கேசட்டில் வந்ததும் அதுவரைக்கும்தான். கடைசிப் பாட்டு, அவள் உட்காருகிற பாட்டு, அதை தாராவியில் ஒருத்தரும் கேட்டது கிடையாது. மூன்று தலைமுறையாக நீலவேணியை நின்றபடியே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

இப்போது இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். உனக்கு இரண்டு வயது. கோடவுன் அப்போதுதான் என் பெயருக்கு வந்திருந்தது. ஆள் வைக்க வசதி இல்லை, உன் அம்மாவும் நானும்தான் காஸ்டிக் சோடாத் தண்ணீர் ஊற்றி டிரம் கழுவுவோம். அந்த வாடை எத்தனை சோப்புப் போட்டாலும் இரண்டு நாளைக்குப் போகாது. சங்கத்து அன்னதானத்துக்குத் தண்ணீர் டிரம் இலவசமாகக் கொடுத்ததற்காக மாட்டுங்கா மண்டபத்தில் நாடகத்துக்கு மூன்றாவது வரிசையில் இடம் கொடுத்திருந்தார்கள். உன் அம்மா கல்யாணப் பட்டுச்சேலையை எடுத்துக் கட்டினாள். போய் உட்கார்ந்து பத்து நிமிஷம் ஆகியிருக்காது, பக்கத்தில் இருந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். சங்கத்துச் செயலாளர் வந்தார். பாத்திரக்கடை முதலாளி. நம் ஊர்க்காரர்தான், நம்மைவிட ஒரு தலைமுறை முன்னால் வந்து, தாராவியில் இருந்து, மாட்டுங்காவுக்கு ஏறிப்போனவர். குனிந்து ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

"தம்பி, தப்பா எடுத்துக்கிடாதீங்க. பின்னால ஃபேன் பக்கம் நல்லா காத்து வரும். வீட்டுக்காரிய அங்க போயி இருக்கச் சொல்லுங்க."

நான் முழித்தேன். அவர் நிமிர்ந்து, வாலண்டியர் பையனிடம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "ஏ, இந்த வரிசையில கெமிக்கல் வாடை அடிக்கி. கொஞ்சம் சென்ட் அடிச்சி விடு. பெரிய வீட்டுப் பொம்பளைங்க வாராங்க." இரண்டு வரிசை சிரித்தது. அந்தச் செயலாளர்தான் உன் மாமனார்.

இதை உனக்குச் சின்ன வயதிலேயே பெயர் சொல்லாமல் சொல்லியிருக்கிறேன், "நம்மள சபையில எழுப்பிவிட்டானுவ" என்று. எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நீ பத்தாவதில் மார்க் குறைந்தபோது சொன்னேன், நீ கோடவுனுக்கு வரமாட்டேன், ஆபீஸ் வேலைக்குத்தான் போவேன் என்றபோது சொன்னேன். ஒவ்வொரு லோடு டிரம்மையும் அவர் முகத்தை நினைத்துத்தான் ஏற்றினேன். பாண்டுப்பில் இரண்டாவது கோடவுன் எடுத்த அன்றைக்கு வேண்டுமென்றே மாட்டுங்காவில் போய் அவர் கடையில் ஒரு பெரிய அண்டா வாங்கினேன். அவர் கையாலேயே அதைத் துணியில் கட்டிக் காரில் வைக்கச் சொன்னேன். வைத்தார். "நல்ல கனமான அண்டா, அண்ணாச்சி" என்றார். என்னை அடையாளம் தெரியவில்லை.

நீ கயலைக் கூட்டிக்கொண்டு வந்து, அவள் அப்பா யார் என்று சொன்னாயே, நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் சரி என்றேன். "அப்பா இவ்வளவு மாடர்னா" என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டாயாம். எனக்குப் பெண்ணைப் பிடித்தது, அது பொய் இல்லை. ஆனால் நான் சரி சொன்னது அவளுக்காக இல்லை. நிச்சயத்துக்குப் போனபோது உன் மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்களை எங்கயோ பாத்த மாதிரி இருக்கு, அண்டா வாங்குனீங்களா?" என்று கேட்டார். அண்டா ஞாபகம் இருக்கிறது, அந்த வரிசை ஞாபகம் இல்லை. செய்ததைக்கூட விட்டிருப்பேனோ என்னமோ, மறந்ததை விட முடியாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். உன் அம்மா காரில் வரும்போதே என் முகத்தைப் பார்த்துவிட்டாள். "அந்தப் புள்ள வாழ வருது. நீங்க எதையும் மனசுல வச்சிக்கிட்டுச் சம்பந்தம் பண்ணாதீங்க" என்றாள். "ஒனக்காகத்தான்" என்றேன். "எனக்காகன்னா விட்டுருங்க" என்றாள். விடவில்லை.

நீ டிஜே வேண்டும் என்றாய். முழு நாடகமும் வைப்பேன் என்றேன். செம்பூரில் மதியம் பன்னிரண்டிலிருந்து இரவு பத்து வரைக்கும் மண்டபம் எடுத்தேன். ராணி வேஷக்காரியோடு போனில் பேசினேன்.

"முழுசாவா? பம்பாயிலயா? வெளையாடுதீங்களா அண்ணே?"

"வெட்டாம வேணும் தாயி. அவ உக்காருத வரைக்கும்."

"அப்போ முறையீடும் உண்டுல்லா?"

அது என்ன என்று எனக்குத் தெரியாது. அவள்தான் சொன்னாள். ராணி உட்காருவதற்கு முன்னால் பபூன் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு சனத்துக்கு நடுவில் வருவான். அந்த வருஷம் அநியாயம் பட்டவர்கள் சீட்டில் எழுதித் தட்டில் போடலாம். பபூன் அதை அங்கேயே பாட்டாகக் கட்டிப் பாடுவான். பெயர் மட்டும் சொல்லக் கூடாது. செய்தவனுக்குத் தெரியும், செத்தேன் என்று உட்கார்ந்திருப்பான். அதைக் கேட்டு முடித்த பிறகுதான் ராணி, எழுப்பியவன் எழட்டும் என்பாள், வீரகேது நிற்பான், சபை முழுக்க எழுந்து நிற்கும், அவள் உட்காருவாள். நான் போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். என் சீட்டைக் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்னாலேயே எழுதிவிட்டேன். பெயர் போட்டு எழுதினேன். தாராவியில் பிழைத்த எங்களுக்கு அந்த வழக்கத்தின் பாதிதான் வந்து சேர்ந்தது. அன்றைக்கு மத்தியானம் மேக்கப் போட்டுக்கொண்டிருந்த பபூன் அதைப் படித்துவிட்டுக் கையைப் பிடித்தான். "அண்ணாச்சி, பேரு போட்டுப் பாடுனா அது முறையீடு இல்ல, அடிதடி. வேண்டாம்" என்றான். "பாடு" என்றேன். பாடினான்.

அப்புறம் நடந்ததை நீ பார்த்தாய். ஒன்பது மணி இருக்கும். மண்டபத்தின் பெயர், வரிசை, வாடை, சென்ட், எல்லாவற்றையும் பபூன் ராகம் போட்டுப் பாடினான். முதலில் சனம் சிரித்தது. பெயர் வந்ததும் சிரிப்பு நின்றது. ராணி மேடையிலிருந்து, "எழுப்பியவர் எழட்டும்" என்றாள். முன்வரிசையில் பட்டு வேட்டி கட்டிய உன் மாமனார் எழுந்தார். தனியாக. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் துண்டைப் பிடித்துக்கொண்டார். கயல் முகத்தை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உண்மையைச் சொல்கிறேன், கடும் வெயிலில் வந்தவனுக்கு மோர் கொடுத்த மாதிரி இருந்தது. பிறகு சபை எழுந்தது. அறுநூறு பேரும். நான் மட்டும் எழவில்லை. கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். இந்தக் காட்சியை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று எத்தனையோ வருஷமாக ஆசை. நான் சொல்லி வைத்திருந்தபடி ராணி கீழே இறங்கி வந்து, உன் அம்மா கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப்போய், சிம்மாசனத்தைக் காட்டினாள்.

அம்மா உட்காரவில்லை. இறங்கி நேராக என்னிடம் வந்தாள், ஏதோ சொன்னாள், வெளியே போனாள். நீ அவள் பின்னால் ஓடினாய். ஆர்மோனியம் ஓங்கி வாசித்துக்கொண்டிருந்ததால் அவள் சொன்னது ஒருத்தருக்கும் கேட்கவில்லை. நான் உன் மாமனாரை அசிங்கப்படுத்தியது பொறுக்காமல் போய்விட்டாள் என்று நீ நினைத்துக்கொண்டாய். அவள் சொன்னது இது:

"என்னைய எழுப்புனது அவரு இல்ல. நீங்கதான். நீங்க எந்திரிங்க."

இந்த வீட்டில் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்ததை இப்போது உனக்குச் சொல்கிறேன். அந்த மாட்டுங்கா மண்டபத்தில் செயலாளர் குனிந்து சொன்னது என்னிடம். எழுந்திரு என்று அவர் உன் அம்மாவிடம் சொல்லவே இல்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் வாடா என்று அவர் சட்டையைப் பிடித்திருக்கலாம். இரண்டு பேரும் எழுந்து வெளியே போயிருக்கலாம். சும்மா உட்கார்ந்திருந்தால்கூடப் போதும், அவர் மறுபடி கேட்டிருக்க மாட்டார். ஆனால் திரைக்கு உள்ளே இருந்து நீலவேணி முதல் அடியை எடுத்துவிட்டாள். நல்ல குரல். நான் உன் அம்மாவிடம் சொன்னேன். "எந்திரி. பாட்டு போயிரும். பின்னால போயி இரி, அப்புறம் பேசிக்கிடலாம்." அவள் எழுந்தாள். பின்னால் நாற்காலி இல்லை. தூணில் சாய்ந்து, உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, நாலு மணி நேரம் நின்றாள். நான் மூன்றாவது வரிசையிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அதே வாடைதான், ஆனால் என்னை யாரும் போகச் சொல்லவில்லை. சபதப் பாட்டுக்குக் கண்ணீர் விட்டேன். மேடையில் ஒருத்தியை எழுப்பியதற்கு அழுதேன், மகனே, முதுகுக்குப் பின்னால் ஒருத்தியை எழுப்பிவிட்டு. அதற்குப் பிறகு எந்த நாடகத்துக்கும் அவள் வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை. "நம்மள எழுப்புனானுவ" என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லி, என்னையும் அவளோடு எழுந்தவனாக ஆக்கிக்கொண்டேன்.

செம்பூரில் அவள் அதைச் சொல்லிவிட்டுப் போனபோது நான் எழுந்து பின்னால் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. ஏனென்றால் ராணி சிம்மாசனத்தில் உட்கார்ந்து கடைசிப் பாட்டை ஆரம்பித்துவிட்டாள். நாலே அடி. "கால் மறந்த ஆசனமே, காத்திருந்தாயா" என்று ஆரம்பிக்கும். அத்தனை மணி நேரம் நின்ற பெண் உட்காரும்போது முழங்கால் மடியாது, அவள் கையை ஊன்றித்தான் உட்கார முடிகிறது, மூச்சு வாங்குகிறது, அந்த மூச்சோடுதான் பாட்டு வருகிறது. வெற்றி அதில் இல்லை. ராகம் கீழேயே இருக்கிறது, ஏறவே இல்லை. வீரகேதுவைப் பற்றி ஒரு சொல் இல்லை. உட்கார்ந்தவுடன் அவன் அவள் கண்ணுக்கே தெரியவில்லை, கால்தான் தெரிகிறது. அப்படி ஒரு பாட்டு எனக்கு வாழ்க்கையில் கிடைக்காது என்று நான் அசையாமல் கேட்டேன். இரண்டாவது தடவையும் பாட்டுக்காக உன் அம்மாவைத் தனியாகப் போகவிட்டேன். முடிந்து வெளியே வந்தபோது நீங்கள் டாக்ஸியில் போய்விட்டிருந்தீர்கள்.

நீ வராததால் உனக்குத் தெரியாது. கல்யாணக் கூட்டம் கலைந்து நீங்கள் கிளம்பிய நாளிலிருந்து உன் அம்மா என் எதிரில் உட்காருவதில்லை. பேசுகிறாள், சிரிக்கிறாள், சாப்பாடு போடுகிறாள். ஆனால் நான் ஹாலுக்குள் வந்தால் எழுந்துவிடுகிறாள். சமையல் மேடை பக்கம் நின்றபடியே சாப்பிடுகிறாள். டாக்டரிடம் கூட்டிப்போனேன், வெயிட்டிங் ரூமில் முக்கால் மணி நேரம் நின்றாள், நர்ஸ் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். முந்தாநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"என்ன வேணும் ஒனக்கு? சொல்லிரு."

"நாடகம் பாத்தீங்கல்லா. அவளுக்கு என்ன வேணுமோ அதுதான்."

"வீட்டுல வச்சுக் கேக்கேன், தப்புதான். போதுமா?"

"வீட்டுலயா எழுப்புனீங்க?"

"எந்தச் சபையில வச்சுச் சொல்லணும்?"

"அன்னைக்கு அந்த வரிசையில இருந்த வீட்டுக்காரங்கதான எல்லாரும் ஞாயித்துக்கிழமை சம்பந்தி வீட்டுக்கு வாராங்க. அங்கயே சொல்லுங்க."

இந்தக் கோபத்தை அவள் எங்கே வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. இருபத்தெட்டு வருஷம் என் பக்கத்தில் நின்று டிரம் கழுவியிருக்கிறாள், உன்னை வளர்த்திருக்கிறாள், என் மாத்திரையை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். ஒரு தடவைகூட அந்த நாளைப் பற்றி வாய் திறக்கவில்லை. பழி வாங்குவதில் நான்தான் கெட்டிக்காரன் என்று நினைத்திருந்தேன். நீ இப்போது குடும்பம் நடத்தப் போகிறாய், அதனால் சொல்கிறேன். உன் பெண்டாட்டியை ஒருவன் ஒரு சொல் சொன்னால், அந்த நிமிஷம் உனக்குப் பிடித்தது எதுவாக இருந்தாலும், மேட்சோ, மீட்டிங்கோ, பாட்டோ, அதை விட்டுவிட்டு எழுந்துவிடு. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருபோதும் சொல்லாதே. அப்புறம் நீ செய்வது எல்லாம் உனக்காகச் செய்வதுதான். நான் அவளுக்காகப் பழி வாங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு, எழுப்பியவர்களில் ஒருத்தனை விட்டுவிட்டு இன்னொருத்தனை நிற்க வைத்தேன்.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவுக்கு வருகிறேன். எல்லோரும் கூடியதும் எழுந்து நின்று, அன்றைக்கு நான் செய்ததைச் சொல்வேன். உன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்பேன். உன் மாமனாரிடம் கேட்க மாட்டேன். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது, முன்கூட்டியே அவருக்குச் சொல்லிவிடு. என் தப்பைச் சொல்ல வேண்டுமென்றால் அவர் குனிந்து சொன்னதையும், நிமிர்ந்து சொன்னதையும் சொல்லாமல் முடியாது. அதையும் அவர் வீட்டிலேயே, அவர் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, அவர் சொந்தக்காரர்கள் நடுவில் சொல்ல வேண்டி வரும். குறைத்துச் சொல்ல வழி இல்லை. வழி இருந்தாலும் செய்ய மாட்டேன். எனக்குப் பிறகு அவரும் எழுந்து தன் பங்கைச் சொன்னால் கையைக் கொடுப்பேன். சொல்லாவிட்டால் சம்பந்தி என்ற முறையில் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் பார்த்துக்கொள்வோம், அவ்வளவுதான். அவர் மகள் எனக்கும் மகள்தான். அவள் முகத்தைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று மேலே எழுதினேனே, அதை அவள் படித்துவிட்டு என்னை என்ன கேட்டாலும் பதில் சொல்கிறேன்.

நீ ஒரே ஒரு வேலை செய். நான் பேசும்போது என்னைப் பார்க்காதே. என்னால் அவள் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது, நான் வேறு எங்கேயாவது பார்த்துத்தான் சொல்வேன். நீ உன் அம்மாவைப் பார்த்துக்கொண்டே இரு. அவள் உட்கார்ந்ததும் எனக்கு ஒரு சைகை காட்டு. அதுவரைக்கும், ஒரு மணி நேரம் ஆனாலும், நான் நின்றுகொண்டே இருப்பேன்.

உன் அப்பா